பதங்களும் பாத்தியதைகளும்

சில தினங்களுக்கு முன் மாலை வேளையில் நமது காரியாலயத்திற்கு வந்திருந்த வியாபாரி ஒருவர், தமது கைத்தொலைபேசியை நம் மேஜைமீது வைத்து, "ஐயா, தாங்கள் வக்கீல், இங்கிலீஷ் நன்றாய்ப் படித்தவர். இதில் 'ஐ அக்ரீ' என்னும் பொத்தானை நான் அமுக்கிவிட்டேன். எதற்குச் சம்மதித்தேன் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். நாம் வாங்கிப் படித்தோம். பக்கத்தின்மேல் பக்கமாக ஓடிய அந்த உடன்படிக்கையில் கடினமான சட்டச் சொற்கள் அதிகமில்லை. 'ஷேர்', 'பார்ட்னர்', 'கம்யூனிட்டி', 'பிரீ' என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இனிய சொற்களே நிறைந்திருந்தன. ஆயினும் அரைமணி நேரம் படித்த பின்னரும், அவர் தமது பாத்தியதைகளுள் எவற்றை யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதை நிச்சயமாகச் சொல்ல நம்மால் இயலவில்லை. கிரயப் பத்திரங்களையும் குத்தகைச் சீட்டுகளையும் இருபது வருஷ காலமாகப் படித்துவரும் நமது கதி இதுவானால், மற்றவர்கள் கதியைக் கூற வேண்டுவதில்லை.

இணையத்தைப் பற்றியும் செய்தி ஊடகங்களைப் பற்றியும் அவை சமூகத்தில் விளைவிக்கும் மாறுதல்களைப் பற்றியும் இன்று உலகமெங்கும் நடைபெறும் விவாதம் பெரும்பாலும் ஆங்கிலப் பதங்களிலேயே நடைபெறுகிறது. அப்பதங்களை ஆக்கியவர்களும் பரப்பியவர்களும் பலர். அவர்களுள் இவ்வியாபாரத்தால் லாபமடைவோரும் உளர். நாம் அவற்றை அப்படியே வாங்கி வழங்கி வருகிறோம். ஒரு பதத்தை வாங்கும்போது அதனுள் மறைந்திருக்கும் கொள்கையையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பதை நம்மில் அநேகர் உணர்வதில்லை. இது பாஷைப் பண்டிதர்கள் மாத்திரம் கவனிக்கவேண்டிய விஷயமன்று. பிரஜைகளின் சுதந்திரத்தைப் பற்றிய விஷயம் என்பதே நமது அபிப்பிராயம்.

ஒரு பதத்தின் பொருள் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்ப வல்லது என்பதற்கு நமது தேச சரித்திரமே சாக்ஷி. 1897-ம் வருஷத்தில் பம்பாய் ஹைகோர்ட்டில் லோகமான்ய திலகர்மீது நடந்த ராஜத்துரோக வழக்கு, 'டிஸ்அபெக்ஷன்' என்னும் ஒரே ஆங்கிலப் பதத்தைச் சுற்றியே சுழன்றது. நீதிபதி ஸ்டிராச்சி அதற்கு 'அன்பின்மை' என்று ஜூரிகளுக்குப் பொருள் கூறினார். சர்க்காரிடம் அன்பில்லாதிருத்தலே குற்றமாயிற்று. திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அது அன்னியர் ஆட்சிக் காலத்துக் கதை என்று சிலர் கூறலாம். குடியரசான பின்னரும் இக்கதை தொடர்ந்தது. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ம் வருஷத் திருத்தத்தால் 66-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணிப்பொறியின் வழியே 'மிகவும் புண்படுத்தும்' செய்தியை அனுப்புவோருக்கும், பொய்யெனத் தெரிந்தே பிறருக்குத் 'தொந்தரவு', 'அசௌகரியம்' விளைவிக்கும் பொருட்டுச் செய்தி அனுப்புவோருக்கும் மூன்று வருஷம் வரையில் சிறைத் தண்டனை என்று அப்பிரிவு விதித்தது. தொந்தரவு என்பது யாது? யாருக்கு எவ்வளவு அசௌகரியம் விளைந்தால் குற்றமாகும்? சட்டம் விடை கூறவில்லை. 2015-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அப்பிரிவையே செல்லாததாக்கினர். அதில் கண்ட பதங்களுக்கு வரையறை இல்லை என்பது அதற்கு அவர்கள் கூறிய முக்கிய காரணங்களுள் ஒன்று. இறந்துபோன அப்பிரிவின்கீழ் அதன்பின்னும் போலீஸார் வழக்குகள் பதிந்துவந்ததை அறிந்து, 2021-ல் அதே கோர்ட்டார் தங்கள் அதிர்ச்சியைத் தெரிவித்தனர் என்பதும் நினைவிருக்கத்தக்கது. தெளிவற்ற சொல் ஒருமுறை சட்டத்தில் ஏறிவிட்டால், அதை இறக்குவது எளிதன்று.

ஆகவே, இப்பொழுது வழங்கும் பதங்களுள் முக்கியமான சிலவற்றைச் சாக்ஷிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வோம்.

முதலாவது 'பிளாட்பாரம்'. பெரிய இணையக் கம்பெனிகள் தங்களை இப்பெயரால் அழைத்துக்கொள்கின்றன. ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தை நமது நேயர்கள் அறிவார்கள். அது சமதரை, வருவோர் போவோர் யாவரும் நிற்கலாம், அங்கே நிற்பவன் பேசும் பேச்சுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் ஜவாப்தாரியல்லர். இக்கருத்தைத்தான் அப்பதம் நம் மனத்தில் விதைக்கிறது. நமது சட்டத்தின் 79-வது பிரிவு இக்கம்பெனிகளை 'இடைநிலையர்' என்று குறிப்பிட்டு, பிறர் எழுதியவற்றிற்காக அவர்கள்மீது வழக்கு வாராதபடி சில நிபந்தனைகளுடன் பாதுகாப்பளிக்கிறது. செய்தியைத் தாமாகத் தொடங்கி அனுப்பாமை, பெறுபவரைத் தாம் தேர்ந்தெடுக்காமை, செய்தியைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ செய்யாமை என்பவை அங்கே கூறப்படும் நிபந்தனைகளுள் சில. அமெரிக்க தேசத்திலும் 1996-ம் வருஷத்துச் சட்டமொன்றின் 230-வது பிரிவு, பிறர் எழுதியதற்கு இக்கம்பெனிகளைப் பிரசுரகர்த்தராகக் கருதலாகாது என்று விதித்திருக்கிறது.

தபால்காரரைப் போல் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு இப்பாதுகாப்பு நியாயமே. ஆனால் இன்று நடப்பதென்ன? லக்ஷக்கணக்கான செய்திகளுள் எது யார் கண்ணில் முதலில் பட வேண்டும், எது அடியில் புதைய வேண்டும் என்பதைக் கம்பெனியின் கணக்கு முறையே ஒவ்வொரு நிமிஷமும் தீர்மானிக்கிறது. கடிதங்களையெல்லாம் படித்துப் பார்த்து, அதிகக் கோபமூட்டும் கடிதத்தை முதலில் கொடுக்கும் தபால்காரரை யாரேனும் தபால்காரர் என்பரோ? பொறுக்குதல், அடுக்குதல், முதற்பக்கத்தில் போடுதல் என்னும் இத்தொழிலை நாம் அறிவோம். இதற்குப் பத்திராசிரியத் தொழில் என்று பெயர். இந்நாட்டில் அச்சிடுவோனும் வெளியிடுவோனும் தம் பெயரைப் பத்திரிகையில் பொறித்தே தீர வேண்டும் என்பது 1867-ம் வருஷத்திலிருந்து வந்த விதி. 2023-ம் வருஷத்தில் அதற்குப் பதிலாக வேறு சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் நமது பொறுப்பு குறைந்துவிடவில்லை. நாம் வெளியிடும் ஒரு வரிக்காக நம்மைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். நம்மினும் ஆயிரம் மடங்கு அதிகமான ஜனங்களுக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பவர், பிளாட்பாரம் என்னும் ஒரு சொல்லின் நிழலில் ஒதுங்கி நிற்கிறார்.

இதனால், அக்கம்பெனிகளை ஒவ்வொரு வரிக்கும் ஜவாப்தாரியாக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. அங்ஙனம் செய்தால் அவர்கள் வழக்குக்கு அஞ்சி, ஏழை எளியவர் சொல்லும் நியாயமான குறைகளையும் அழித்துவிடுவர். பேச்சுச் சுதந்திரமே குன்றும். பிறர் எழுதியதற்குப் பிறரே பொறுப்பு. ஆனால் தாம் பொறுக்கிப் பரப்பியதற்குத் தாமே பொறுப்பு என்னும் பேதத்தைச் சொல் மறைக்கலாகாது என்பதே நமது வாதம்.

இரண்டாவது 'பிரீ'. ஆங்கிலத்தில் இப்பதத்திற்கு இலவசம் என்றும் பொருளுண்டு, சுதந்திரம் என்றும் பொருளுண்டு. இவ்விஷயத்தில் நமது தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவுடையது. காசில்லாமல் கிடைப்பதையும் கட்டில்லாமல் இருப்பதையும் நாம் ஒருபோதும் ஒரே சொல்லால் கூறுவதில்லை. 1983-ம் வருஷத்தில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், யாவரும் திறந்து பார்க்கவும் மாற்றவும் வழங்கவும் உரிமையுள்ள மென்பொருளுக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அன்றிலிருந்து, தாம் கூறும் 'பிரீ' விலையைப் பற்றியதன்று, சுதந்திரத்தைப் பற்றியது என்று விளக்குவதே அவருக்கு ஓயாத வேலையாயிற்று. தமிழர் அதற்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயரிட்டனர். விளக்கம் வேண்டாமலே விஷயம் விளங்கிவிட்டது.

இப்பேதம் வெறும் சொற்சண்டை அன்று. 2015-ம் வருஷத்தில் பேஸ்புக் கம்பெனியார் 'பிரீ பேஸிக்ஸ்' என்னும் ஏற்பாட்டை இந்தியாவில் பரப்ப முயன்றனர். அவ்வேற்பாட்டில் சேர்ந்த குறிப்பிட்ட சில தளங்களை மாத்திரம் ஏழைகள் கட்டணமின்றிப் பார்க்கலாம். இணையத்தின் மற்றப் பகுதிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. இலவசமாய்க் கொடுப்பதை வேண்டாமென்று சொல்வாருண்டோ என்று கேட்டனர். ஆனால் அவ்விலவசத்தின் விலை சுதந்திரம் என்பதை இந்நாட்டு இளைஞர் கண்டுகொண்டனர். அதே வருஷத்தில், இணையத்தில் எல்லாத் தளங்களையும் சமமாய் நடத்த வேண்டுமென்று கோரி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திற்குப் பத்து லக்ஷத்திற்கு மேற்பட்ட கடிதங்கள் மின்னஞ்சலில் சென்றன. 2016-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி, தளத்துக்குத் தக்கபடி கட்டணத்தில் பேதம் பாராட்டலாகாது என்று அவ்வாணையத்தார் விதித்தனர். 'பிரீ' என்றால் எந்த 'பிரீ' என்று ஜனங்கள் கேட்கத் துணிந்ததன் பலன் இது.

மூன்றாவது 'ஷேர்'. பகிர்தல் என்று இதைத் தமிழாக்கி வருகிறோம். ஒருவன் தன் நண்பர்களுக்குத் தன் வீட்டுக் கல்யாணப் படத்தைக் காட்டுவது பகிர்தல்தான், அதில் பிழையில்லை. ஆனால் கம்பெனியார் தங்கள் உடன்படிக்கையில், உங்கள் விவரங்களை எங்கள் 'பார்ட்னர்'களுடன் 'ஷேர்' செய்கிறோம் என்று எழுதும்போது, அங்கே நடப்பது விருந்தன்று, வியாபாரம். ஒருவருடைய சொத்து மற்றொருவர் கைக்குச் செல்வதற்குச் சட்ட பாஷையில் கைமாற்றம் என்று பெயர். 'உம்முடைய விவரங்களை மற்றக் கம்பெனிகளுக்குக் கைமாற்றிக் கொடுக்கச் சம்மதமா?' என்று கேட்டிருந்தால் நமது வியாபாரி நண்பர் அப்பொத்தானை அமுக்குமுன் ஒரு க்ஷணமேனும் யோசித்திருப்பார். 'கம்யூனிட்டி விதிகள்' என்பதும் இத்தகையதே. கிராமத்தில் ஊர்க்கட்டுப்பாடு என்பதை நல்லதோ கெட்டதோ ஊரார் கூடிச் செய்கின்றனர். இங்கே கம்யூனிட்டி என்று அழைக்கப்படும் கோடிக்கணக்கான ஜனங்களுள் ஒருவரும் அவ்விதிகளுக்குக் கையெழுத்திட்டதில்லை. கம்பெனி விதி என்று கூறினால் உண்மை விளங்கும். சமூக விதி என்று கூறினால் உண்மை மறையும்.

கம்பெனிகள் மாத்திரமே இத்தந்திரத்தை அறிந்தவை என்று கருதலாகாது. சர்க்காரும் இதில் சளைத்தவர்களல்லர். இணையத்தைத் துண்டிக்கும் அதிகாரத்தை முன்பு அளித்த 2017-ம் வருஷத்து விதிகளுக்குத் தொலைத்தொடர்புச் சேவைகளின் 'தற்காலிக நிறுத்தம்' என்றே பெயர். 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜம்மு காஷ்மீரத்தில் இணையம் துண்டிக்கப்பட்டது. அதிவேக இணையம் அங்கே முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். பதினெட்டு மாதமும் தற்காலிகமே! இடையில், 2020-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், காலவரையற்ற நிறுத்தம் செல்லாதென்றும், உத்தரவுகளைப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்றும் தீர்ப்புக் கூறினர். 2024-ம் வருஷத்தில் வந்த புதிய விதிகளும் அதே 'தற்காலிக' என்னும் அடைமொழியையே தாங்கி நிற்கின்றன. அடைமொழியை நம்பாமல் நாட்களை எண்ண வேண்டியது பிரஜைகளின் கடமை.

நிற்க. பிறரைக் குறுக்கு விசாரணை செய்யும் நாம் நமது தொழிலைச் சும்மா விட்டுவிடுவது தர்மமாகாது. 'பேக் நியூஸ்' என்னும் பதத்தைப் பத்திரிகைகளே மூலைமுடுக்கெல்லாம் பரப்பின. 2017-ம் வருஷத்தின் பதமென்று காலின்ஸ் அகராதியார் இதனைத் தெரிந்தெடுத்தனர். பொய்யைக் குறிக்கப் பிறந்த இச்சொல், நாளடைவில் அதிகாரத்திலிருப்போர் தமக்குப் பிடிக்காத உண்மைச் செய்தியைத் தூற்றும் ஆயுதமாயிற்று. இதைக் கண்ட பிரிட்டிஷ் பார்லிமெண்டின் கமிட்டியொன்று, இப்பதத்தையே சர்க்கார் கைவிட வேண்டுமென்று 2018-ல் சிபாரிசு செய்தது. அதற்கு முந்திய வருஷத்தில் ஐரோப்பியக் கவுன்ஸிலுக்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கையில், கிளேர் வார்டில், ஹொஸைன் தெரக்ஷான் என்னும் இருவர் மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினர். தீய எண்ணமின்றி அறியாமையால் பரவும் தவறு ஒன்று. கெடுதல் செய்யும் நோக்கத்துடன் புனைந்து பரப்பும் பொய் மற்றொன்று. உண்மையேயாயினும் ஒருவருக்குத் தீங்கிழைக்கவே வெளியிடும் அந்தரங்கம் மூன்றாவது. தமிழில் இவற்றைப் பிழைச்செய்தி, பொய்ச்செய்தி, தீச்செய்தி எனலாம். மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு. முதலாவதற்குத் திருத்தம் போதும். இரண்டாவதற்குத் தண்டனையும் வேண்டியிருக்கலாம். மூன்றாவதற்கு அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் வேண்டும். மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கும் சட்டம், பேத்திக்கு மூலிகைக் குறிப்பைத் தவறாய் அனுப்பிய பாட்டியையும், கூலிக்குப் பொய் புனைபவனையும் ஒரே கயிற்றால் கட்டும்.

இனி, இப்பதங்களை என்ன செய்வது? ஒரு சாரார், இவையெல்லாம் உலகப் பொதுச் சொற்கள், அப்படியே வழங்குவோம் என்கின்றனர். மற்றொரு சாரார், ஆங்கில வாசனையே கூடாது, ஒவ்வொன்றுக்கும் செந்தமிழ்ச் சொல் வேண்டும் என்கின்றனர். இருவர் கூற்றிலும் சிறிது உண்மையுண்டு. இருவரும் முக்கியமான கேள்வியைக் கேட்கவில்லை. சொல் எந்தப் பாஷையில் பிறந்தது என்பதைக் காட்டிலும், அது உண்மையைச் சொல்லுகிறதா என்பதே கேள்வி. பொய் சொல்லும் ஆங்கிலப் பதத்தைப் பொய் சொல்லும் தமிழ்ப் பதமாக மாற்றுவதனால் ஒரு பயனும் இல்லை. 'கிளவுட்' என்பதை மேகம் என்று மொழிபெயர்த்துவிட்டோம். நமது விவரங்கள் ஆகாயத்தில் மிதப்பதாகப் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அவை இருப்பதோ யாரோ ஒரு முதலாளியின் கட்டிடத்தில். போவதோ கடலடிக் கம்பியில். 2020-ம் வருஷம் ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தகைய கம்பி திறக்கப்பட்டது. 2008-ம் வருஷம் ஜனவரியில் அலெக்ஸாந்திரியா நகருக்கருகே மத்தியதரைக் கடலில் கம்பிகள் அறுபட்டபோது, இந்தியாவில் இணையம் தடுமாறிற்று. மேகம் அறுந்து விழுந்ததில்லை.

தமிழுக்கு இவ்வேலை புதிதன்று. 1916-ம் வருஷத்திலேயே சேலத்தில் ராஜாஜி முதலியோர் சாஸ்திர பரிபாஷைக்கென ஒரு சங்கங்கூட்டித் தமிழ்ப் பதங்களைத் தேடினர். நமது காலத்தில், கடல் கடந்த தமிழர்களும் இத்தொண்டில் முன்னின்றனர். 'இணையம்' என்னும் சொல்லே சிங்கப்பூரில் வாழ்ந்த நா. கோவிந்தசாமியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பல கணிப்பொறிகள் ஒன்றோடொன்று இணைந்த வலை என்னும் உண்மையை அச்சொல் சுருக்கமாய்ச் சொல்லுகிறது. அதனால்தான் சர்க்கார் உத்தரவு எதுவுமின்றி ஜனங்கள் வாயில் நிலைத்தது. கடவுச்சொல், மின்னஞ்சல், உலாவி முதலியனவும் இத்தகையனவே.

இவ்வேலை அவசரமாயிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அதன்பின் 2023-ம் வருஷத்தில் தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. சம்மதம் என்பது சுதந்திரமாகவும், குறிப்பாகவும், விஷயம் அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்துக்கிடமின்றியும் தரப்பட வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பு தெளிந்த எளிய நடையில் இருக்க வேண்டும் என்றும், அதை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளுள் ஒன்றிலோ படிக்கும் வசதியைப் பிரஜைக்கு அளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்த அட்டவணையில் தமிழும் உண்டு. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அன்றிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் அளிக்கப்பட்டது.

இது பெரிய பாத்தியதை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தமிழ் அறிவிப்பை எழுதப்போகிறவர் யார்? 'உங்கள் டேட்டாவை எங்கள் பார்ட்னர்களுடன் ஷேர் செய்ய கன்ஸென்ட் கொடுக்கவும்' என்று தமிழெழுத்தில் எழுதிவிட்டால், எழுத்து தமிழாகுமேயன்றி விஷயம் இருளாகவே இருக்கும். சட்டத்தின் வாசகம் நிறைவேறும். அதன் உயிர் போய்விடும். 'அறிந்து கொடுத்த சம்மதம்' என்று பின்னொரு நாள் கம்பெனியின் வக்கீல் கோர்ட்டில் வாதிப்பார். நமது நண்பர் கூண்டில் நின்று விழிப்பார்.

ஆகவே, இவ்விஷயத்தில் நமது பத்திரிகை சில நியமங்களை மேற்கொள்ளுகிறது. கம்பெனி பிரஜையின் விவரத்தைப் பிறருக்குக் கொடுப்பதைக் கைமாற்றம் என்றே இனி எழுதுவோம். அதன் விதிகளைக் கம்பெனி விதிகள் என்றே கூறுவோம். 'பிரீ' என்று வருமிடத்தில் இலவசமா சுதந்திரமா என்று ஆராய்ந்தே தமிழாக்குவோம். இணையம் துண்டிக்கப்பட்டால் எத்தனை நாள் என்று எண்ணி எழுதுவோம். ஒரு செய்தியைப் பொய்யென்று சொல்லுமுன் அது மூவகையுள் எவ்வகை என்று குறிப்போம். நாமே தவறினால் நேயர்கள் நம்மைத் தயவு தாக்ஷிண்யமின்றிக் கண்டிக்க வேண்டும்.

தேச ஊழியர்களையும், இளம் வக்கீல்களையும், கல்லூரி மாணவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. ஆங்கிலப் பதங்களை வெறுக்கவேண்டாம், நன்றாய்க் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு பதத்தையும், 'உன்னைப் பெற்றவர் யார்? உன்னால் லாபம் யாருக்கு? நீ எதை மறைக்கிறாய்?' என்று கேட்ட பின்னரே வீட்டுக்குள் விடுங்கள். நம் ஊர்ச் சங்கங்களும் வாசகசாலைகளும் வாரமொருமுறை இத்தகைய ஓர் உடன்படிக்கையை எடுத்து, வாய்விட்டுப் படித்து, அதன் பொருளைத் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். பத்துப் பேர் கூடியும் பொருள் விளங்காத ஒன்றை ஒருவர் அறிந்து சம்மதித்தார் என்று எந்த நியாயஸ்தலத்திலும் சொல்ல இயலாது.

அன்று நம்மிடம் வந்த வியாபாரி நண்பருக்கு நாம் பொருள் கூற இயலவில்லை என்று மேலே எழுதினோம். ஆனால் வெறுங்கையுடன் அவரை அனுப்பவில்லை. ஒரு காகிதத்தில், 'நான் எதற்குச் சம்மதித்தேன் என்பதை எனக்கு விளங்கும் தமிழில் எழுதித் தெரிவிக்கவும்' என்று எழுதிக் கொடுத்து, அதையே அக்கம்பெனிக்கு அனுப்பச் சொன்னோம். பதில் வந்தால் பிரசுரிப்போம். வராவிடில், வரவில்லை என்பதையும் பிரசுரிப்போம். நமது நேயர்களும் அவ்வண்ணமே எழுதுவார்களாக.